மட்டக்குதிரை வாங்குவதும் விற்பதும்: குளம்பிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: எங்கள் மட்டக்குதிரைக்கு 18 வயது. அதில் சவாரி பழகிய மகளுக்கு இப்போது 12. அவளுக்கு அது சிறியதாகிவிட்டது. இதை விற்றுவிட்டுக் கொஞ்சம் பெரியதாக ஒன்று வாங்கலாம் என்று நினைக்கிறோம். இருப்பது கிராமப்புறம். கால்நடை மருத்துவர் வர வேண்டுமென்றால் ஒரு மணி நேரப் பயணம். எதைப் பார்த்து வாங்குவது? எப்படி விற்பது?

பதில்:

விற்றுவிட்டு வாங்கலாம் என்கிறீர்கள். அந்த வரிசையை முதலில் மாற்றுங்கள். வாங்குவது முதலில், விற்பது அப்புறம். குதிரை கூட்டமாக வாழும் பிராணி. புது இடத்துக்குத் தனியாக வந்து நிற்கும் குதிரை வேலியோரமாக ஓடும், கனைத்துக்கொண்டே இருக்கும், தீனியை விட்டுவிடும். அந்த நிலையில் அதன் உண்மையான குணம் என்ன என்று யாராலும் சொல்ல முடியாது. கண்ணுக்கெட்டும் தூரத்தில் உங்கள் பழைய குதிரை அமைதியாக மேய்ந்துகொண்டிருந்தால், புதியது சீக்கிரம் அடங்கிவிடும். சில மாதம் இரண்டு வயிற்றுக்குத் தீனி போடும் செலவு இருக்கிறதுதான். ஆனால் அவசரத்தில் தவறான குதிரையை வாங்கிவிட்டு வருடக்கணக்கில் படும் பாட்டைவிட அது குறைவு.

அடுத்தது அளவு. பிடரி முடிகிற இடத்தில் ஒரு மேடு இருக்கும். அங்கே அளந்தால் 148 செ.மீ.க்கு மேல் போகாததைத்தான் பொதுவாக மட்டக்குதிரை என்கிறோம். ஷெட்லாண்ட் இனம் 107 செ.மீ.யோடு நின்றுவிடும். ஆனால் உயரத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் மகளைச் சுமக்கப் போவது அதன் எடையும் எலும்பும். ஒரு டேப் போதும், எடையைக் கணக்கிட்டுவிடலாம். முன்காலுக்குச் சற்றுப் பின்னால் மார்புச் சுற்றளவை செ.மீ.யில் எடுங்கள். தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை நீளத்தை எடுங்கள். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் ஏறத்தாழ எடை கிலோவில் வரும். சுற்றளவு 148, நீளம் 130 என்றால் சுமார் 240 கிலோ. ஒரு குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதாவது 240 கிலோ குதிரைக்கு, சேணத்தையும் சேர்த்து, 48 கிலோ. மகளின் இன்றைய எடையைப் போட்டுப் பார்க்காதீர்கள். இன்னும் மூன்று வருடத்தில் எவ்வளவு இருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். பெருத்த குதிரையில் கொழுப்பின் எடையும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். கொழுப்பு சுமக்க உதவாது, அதுவே ஒரு சுமை. அந்த அளவைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பதற்கு வருகிறேன். குதிரையைப் பார்க்கப் போனால் எல்லோருக்கும் கண் முகத்துக்கும் பிடரி மயிருக்கும் நிறத்துக்கும்தான் போகிறது. நீங்கள் குனிந்து குளம்பைப் பாருங்கள். மட்டக்குதிரைகளை அதிகம் வாட்டும் நோய்களில் ஒன்று லேமினைட்டிஸ் என்னும் குளம்பு அழற்சி. குளம்புக்குள் இருக்கும் எலும்பை வெளி ஓட்டோடு பிடித்து நிறுத்தும் மெல்லிய அடுக்குகள் வீங்கிப் பிய்ந்துபோகும் நோய் அது. கடுமையாகிவிட்டால் எலும்பே கீழ்நோக்கித் திரும்பிவிடும். மட்டக்குதிரைகளுக்கு இது வருவதற்குப் பெரும்பாலும் காரணம் அவற்றின் உடல் இன்சுலினைச் சரியாகக் கையாளாததுதான். மேய்ச்சல் குறைந்த நிலங்களில் பிழைத்துப் பழகிய உடல் அது. செழித்து வளர்ந்த இளம்புல்லில் உள்ள சர்க்கரையை அதனால் தாங்க முடிவதில்லை. நல்ல மேய்ச்சல் உள்ள இடத்தில் "கொழுகொழுவென்று இருக்கிறது பாருங்கள்" என்று காட்டப்படும் குதிரையைப் பார்த்தால் நான் சந்தோஷப்பட மாட்டேன், கவலைப்படுவேன்.

இந்த நோய் முன்பு வந்திருந்தால் குளம்பில் தடயம் இருக்கும். குளம்பின் மேல் வளையம் வளையமாகக் கோடுகள் ஓடும். எல்லாக் குதிரைக்கும் ஓரளவு இருக்கும். அவை ஒரே இடைவெளியில் இணையாக ஓடினால் பயமில்லை. முன்பக்கம் நெருங்கியும் குதிகால் பக்கம் விரிந்தும் போனால் அங்கே ஒரு கதை இருக்கிறது. காலைத் தூக்கி அடியைப் பாருங்கள். குளம்பு ஓட்டும் அடிப்பாகமும் சேரும் வெள்ளைக் கோடு மெலிதாக இருக்க வேண்டும். அது அகன்று, பழைய இரத்தக்கறை படிந்தாற்போல இருந்தால் அதுவும் ஒரு சாட்சி. கழுத்தின் மேல்விளிம்பைக் கையால் பிடித்துப் பாருங்கள். வளைந்து கெட்டியாகிவிட்ட கொழுப்பு மேடு இருந்தால், இன்றைக்கு நோய் இல்லாவிட்டாலும் நாளை வர வாய்ப்பு உண்டு. முன்கால்களை முன்னால் நீட்டி, பாரத்தைப் பின்பக்கம் தள்ளி நிற்கும் குதிரைக்கு இப்போதே வலி இருக்கிறது. அதைக் குழந்தைக்காக வாங்காதீர்கள்.

15 வயதைத் தாண்டியது என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். வெயில் காலத்திலும் உதிராமல் நீண்டு சுருண்ட ரோமம் இருந்தால், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கோளாறு இருக்கலாம். அதை மாத்திரையால் கட்டுப்படுத்தலாம், ஆனால் ஆயுள் முழுக்கக் கொடுக்க வேண்டியிருக்கும். குளம்பு நோயும் அதன் கூடவே வரலாம்.

வயதைப் பல் சொல்லும், ஓரளவுக்கு. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். காசு கொடுத்து வாங்கும் குதிரையைத் தாராளமாகப் பார்க்கலாம். முன்வரிசைப் பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைப்பது நடுவிலிருந்து தொடங்கி இரண்டரை, மூன்றரை, நாலரை வயதில். 5 வயதில் வாய் நிறைந்துவிடும். கீழ்ப்பற்களின் நடுவில் உள்ள கறுத்த குழிகள் 6, 7, 8 வயதில் ஒவ்வொரு ஜோடியாகத் தேய்ந்து மறையும். மேல் ஓரப்பல்லில் ஈறையொட்டி ஒரு பள்ளக்கோடு சுமார் 10 வயதில் தோன்றி, 15இல் பாதிப் பல் வரை இறங்கி, 20இல் முழு நீளத்துக்கு வந்துவிடும். 10 வயதுக்கு மேல் இதெல்லாம் உத்தேசம்தான். தின்னும் தீனிக்கும் மேயும் மண்ணுக்கும் ஏற்றபடி தேய்மானம் மாறும். பல்லில் துளை போட்டுக் கறுப்பாகச் சுட்டு வயதைக் குறைத்துக் காட்டும் ஏமாற்றும் பழங்காலம் முதல் உண்டு. குதிரைக்குப் பதிவு அட்டையோ மைக்ரோசிப்போ இருந்தால் அதில் உள்ள பிறந்த தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

உங்கள் மகளுக்கு எந்த வயதுக் குதிரை என்றால், 8 முதல் 15 வரை என்பேன். "குட்டியாக வாங்கினால் குழந்தையோடு சேர்ந்து வளரும்" என்று யாராவது சொல்வார்கள். கேட்க அழகாக இருக்கும், கேட்காதீர்கள். பழகாத குதிரையும் பழகாத பிள்ளையும் ஒன்று சேர்ந்தால் இரண்டுக்கும் அடிபடும். மட்டக்குதிரைகள் நன்றாகப் பராமரித்தால் 25, 30 வயது வரைகூட வாழும். 14 வயதுக் குதிரை கிழடில்லை.

சரி, போய்ப் பார்ப்பது எப்படி? "நாங்கள் வருவதற்கு முன் அதைப் பிடிக்க வேண்டாம், சேணம் போட வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொன்ன நேரத்துக்குச் சற்று முன்பே போங்கள். உடம்பில் வியர்வை காய்ந்த தடம் இருந்தால், துள்ளலைக் குறைப்பதற்காக ஓட்டிக் களைக்க வைத்திருக்கலாம். மேய்ச்சலில் நிற்கும் குதிரையை விற்பவர் எப்படிப் பிடிக்கிறார் என்று பாருங்கள். ஒரு வாளித் தீனியோடு அரை மணி நேரம் துரத்த வேண்டியிருந்தால், பள்ளி விட்டு வந்த பிள்ளையால் அதை எப்படிப் பிடிக்க முடியும்? நான்கு கால்களையும் தூக்கச் சொல்லுங்கள். சேண வாரை இறுக்கும்போது காதைப் பின்னால் மடக்குகிறதா, கடிக்கத் திரும்புகிறதா என்று கவனியுங்கள். மற்ற குதிரைகளை விட்டுத் தனியாகப் பாதை வழியே நடத்திப் போகச் சொல்லுங்கள். வண்டிகள், நாய்கள், காற்றில் பறக்கும் பிளாஸ்டிக் பை, இதையெல்லாம் அது எப்படி எடுத்துக்கொள்கிறது என்பது அப்போதுதான் தெரியும். முதலில் விற்பவர் வீட்டு ஆள் ஏறட்டும். அவர்கள் ஏற மறுக்கும் குதிரையில் உங்கள் மகள் ஏறக் கூடாது.

நடையைப் பார்க்கக் கெட்டியான, சமமான தரை வேண்டும். கயிற்றைத் தளர்வாகப் பிடித்து நேராக ஓட்டி வரச் சொல்லுங்கள். கண்ணை மூடிக் காதால் கேளுங்கள். ஓட்ட நடையில் இரண்டு இரண்டாக ஒரே தாளம் வர வேண்டும். முன்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே எழும்பும், நல்ல கால் படும்போது தாழும். அப்புறம் இரண்டு பக்கமும் வட்டமாக ஓட்டிப் பார்த்தால் நேர் நடையில் ஒளிந்திருந்த நொண்டல் வெளியே வரும். ஓடி நின்றதும் விலாவைப் பாருங்கள். ஓய்வாக இருக்கும் குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 முறை மூச்சு விடும், இதயம் 28 முதல் 44 முறை துடிக்கும். ஓடியதற்கு இது ஏறுவது இயல்பு. சில நிமிடத்தில் இறங்காமல், மூச்சை வெளிவிடும்போது வயிற்றை இரண்டு முறை எக்கினால் நுரையீரலில் பழைய கோளாறு இருக்கலாம்.

இரண்டாம் முறையும் போங்கள், வேறொரு நேரத்தில். இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். பல வருடங்களுக்கு முன் ஒரு சந்தையில் சாம்பல் நிறத்தில் ஒரு மட்டக்குதிரையைப் பார்த்தேன். அவ்வளவு கூட்டத்திலும் சத்தத்திலும் அசையாமல், தலையைத் தொங்கப் போட்டு, கீழ் உதடு தளர்ந்து நின்றது. எவ்வளவு சாது என்று அன்றைக்கே வாங்கி வந்துவிட்டேன். மூன்றாம் நாள் அதன் பக்கத்தில் யாராலும் போக முடியவில்லை. பாவம், பயந்த பிராணி. அதற்கு மயக்க மருந்து கொடுத்து நிறுத்தியிருந்தார்கள் என்பது என் அனுமானம். அதை மறுபடி மனிதரை நம்ப வைக்க ஒன்றரை வருடம் ஆனது. நொண்டலை மறைக்க வலி மருந்து கொடுப்பதும் இதே வகைதான். பினைல்பியூட்டசோன் போன்ற மருந்து உள்ளே இருந்தால் நொண்டும் குதிரை அன்றைக்கு நேராக நடக்கும். மருத்துவப் பரிசோதனையின்போதே இரத்தம் எடுத்து வைக்கச் சொல்வது இதற்காகத்தான். பின்னால் சந்தேகம் வந்தால் சோதிக்கலாம்.

மருத்துவர் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறார் என்பதற்காகப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். கிராமப்புறத்தில் இதில் ஒரு தர்மசங்கடம் உண்டு. பெரும்பாலும் விற்பவரின் குதிரைகளைப் பார்ப்பவரும் அதே மருத்துவர்தான். முடிந்தால் வேறொருவரை வரவழையுங்கள். முடியாவிட்டால், பழைய சிகிச்சை விவரங்களை உங்களிடம் சொல்ல விற்பவர் மருத்துவருக்கு அனுமதி தர வேண்டும் என்று கேளுங்கள். அனுமதி தர மறுத்தால் அதுவே ஒரு பதில்.

அதோடு லாடம் அடிப்பவரிடம் பேசுங்கள். கிராமத்தில் குதிரை வாங்குபவருக்குள்ள பெரிய அனுகூலம் இது. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை அந்தக் குளம்புகளைக் கையில் எடுத்துச் சீவுகிறவர் அவர். போன வருடம் எந்தக் காலில் சீழ் பிடித்தது, எந்தக் காலைத் தூக்கினால் உதைக்கும், குளம்பைச் சீவாமல் விட்டுவைத்துக் கடைசி நேரத்தில் யார் கூப்பிட்டார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். குதிரையின் உரிமையாளருக்கே தெரியாததும் தெரியும். பக்கத்து நிலத்துக்காரர்களிடமும் சும்மா பேச்சுக் கொடுங்கள். வேலியைத் தாண்டுகிற குதிரையை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

நோய்களில் மூன்றைச் சொல்கிறேன். கிளாண்டர்ஸ் என்னும் பாக்டீரியா நோய் மனிதருக்கும் தொற்றிக் கொல்லக் கூடியது. குதிரைத் தொற்று இரத்தசோகை என்று ஒன்று உண்டு. ஈக்கள் கடித்துப் பரப்பும் வைரஸ், ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் உடலில் தங்கும், வெளியே ஆரோக்கியமாகவும் தெரியலாம். இந்த இரண்டுக்கும் இரத்தப் பரிசோதனை இருக்கிறது. மூன்றாவது ஸ்ட்ராங்கிள்ஸ். தாடைக்கு அடியில் கட்டி வந்து சீழ் வைக்கும் தொற்று, சந்தைகளில் வேகமாகப் பரவும். கிருமி உள்ளே போய் அறிகுறி தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம். ஆகவே புதிதாக வருவதை மூன்று வாரமாவது தனியாக வையுங்கள். வாளி, கயிறு, தூரிகை எல்லாம் தனி. உங்கள் பழைய குதிரையைக் கண்ணால் பார்க்கலாம், மூக்கோடு மூக்கு உரசக் கூடாது. தினமும் காலையில் உடல் வெப்பத்தைக் குறித்து வாருங்கள். 38.5 டிகிரியைத் தாண்டினால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று கேட்க மறக்காதீர்கள். குதிரைகளை அந்த நோய் மிக எளிதில் பிடிக்கும்.

கொண்டுவரும் பயணத்தில் ஒரே ஒரு விஷயத்தை வலியுறுத்துகிறேன். தலையைத் தாழ்த்த முடியாதபடி உயர்த்திக் கட்டி வைக்காதீர்கள். தலையைக் கீழே இறக்கித்தான் குதிரை மூச்சுக்குழாயில் சேர்ந்த அழுக்கை வெளியே தள்ளுகிறது. பல மணி நேரம் தலை உயர்ந்தே இருந்தால் நுரையீரலில் நோய் இறங்கிவிடும். நீண்ட தூரம் என்றால் நிறுத்தி நிறுத்தி, தலையைத் தாழ்த்தித் தண்ணீர் குடிக்கவும் தின்னவும் விடுங்கள். வந்ததும் பழைய இடத்துத் தீனியையே கொடுத்து, பத்து நாளில் சிறிது சிறிதாக உங்கள் தீனிக்கு மாற்றுங்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தீனி திடீரென்று மாறினால் வரும் வயிற்று வலி உயிரையே வாங்கும். பெருத்திருக்கிறதே என்று பட்டினி போட்டு இளைக்க வைக்கவும் முயலாதீர்கள். கொழுத்த மட்டக்குதிரை, அதிலும் சினைக்குதிரை, திடீரென்று தீனி இல்லாமல் போனால் உடல் கொழுப்பு இரத்தத்தில் கரைந்து ஈரலைக் கெடுத்துவிடும். பெட்டைக் குதிரை என்றால் சினையா என்று வாங்குவதற்கு முன்பே ஸ்கேன் பார்த்துவிடுங்கள். 11 மாதத்துக்குப் பிறகு குட்டி போட்டால்தான் தெரியும் என்ற நிலை வேண்டாம்.

பேரம் முடிந்தால் எழுதிக்கொள்ளுங்கள், தெரிந்தவராக இருந்தாலும். தெரிந்தவர் என்றால் கட்டாயம் எழுதுங்கள், நட்பைக் காப்பாற்றும். நிறம், உயரம், பால், வயது, நெற்றி வெள்ளை, கால் வெள்ளை, சுழிகள் இருக்கும் இடம், சிப் எண், விலை, தேதி. அதற்குக் கீழே விற்பவர் சொன்ன குறைகள். மரக்கட்டையைப் பல்லால் கவ்விக் காற்று விழுங்கும் பழக்கம் உண்டா, குளம்பு நோய் வந்திருக்கிறதா, வயிற்று வலி வந்திருக்கிறதா, யாரையாவது தள்ளியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பதிலை அவர் எதிரிலேயே எழுதுங்கள். அச்சாரம் கொடுப்பதாக இருந்தால், மருத்துவப் பரிசோதனையில் தேறாவிட்டால் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு வரி. இரண்டு வாரம் வீட்டில் வைத்துப் பார்க்க ஒத்துக்கொள்ளும் விற்பனையாளர் கிடைத்தால், விலை கொஞ்சம் கூடுதலானாலும் நான் அவரிடம்தான் வாங்குவேன்.

இப்போது உங்கள் பழைய குதிரைக்கு வருவோம். மேலே சொன்ன எல்லாக் கேள்விகளையும் உங்களிடம் யாரோ கேட்பதாக நினைத்துப் பதில்களை எழுதி வையுங்கள். கேட்காதவர்களிடமும் சொல்லுங்கள். குறையைச் சொன்னால் விற்காது என்ற பயம் வீண். கிராமத்தில் குதிரை வைத்திருப்பவர்கள் சில பேர்தான். ஒரு குதிரையில் மறைத்தது அடுத்த நான்கு விற்பனைக்கும் கூடவே வரும். "வண்டிச் சத்தத்துக்கு மிரளும், ஆனால் வயல் பாதையில் ஐந்து வயதுப் பிள்ளையைக்கூட ஏற்றிப் போகும்" என்று நீங்கள் சொன்னால், வண்டி ஓடாத பாதைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஒரு குடும்பத்துக்கு அதுதான் அவர்கள் தேடும் குதிரை.

வருகிறவர்களை நீங்களும் பாருங்கள். நிழல் இருக்கிறதா, வேலி எப்படி, வேறு குதிரை உண்டா, இதற்கு முன் இருந்த குதிரை என்ன ஆனது என்று கேளுங்கள். பார்க்காமலே போனில் விலை பேசி, நாளைக்கே வண்டி அனுப்புகிறேன் என்பவருக்கு விற்காதீர்கள். 18 வயதுக் குதிரை கை மாறி கை மாறி இறைச்சிக்குப் போய்ச் சேருவது நடக்கிற விஷயம். சிறிய பிள்ளை உள்ள வீட்டுக்கு, உரிமை உங்களிடமே இருக்கும்படி எழுதி, வளர்க்கக் கொடுப்பதையும் யோசியுங்கள். விற்பதாகவே முடிவு செய்தால், மறுபடி விற்க நேர்ந்தால் முதலில் உங்களிடம் கேட்க வேண்டும் என்று ரசீதில் எழுதிக்கொள்ளுங்கள். சட்டப்படி அது எவ்வளவு தூரம் நிற்குமோ, அந்த வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடத் தயங்குகிறவரை அங்கேயே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

குதிரையோடு அதன் கழுத்துப் பட்டையையும், இரண்டு வாரத்துக்கான அதன் வழக்கமான தீனியையும், எந்த இடத்தில் சொறிந்தால் அதற்குப் பிடிக்கும் என்பதையும் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். அந்தத் தாளை உங்கள் மகளையே எழுதச் சொல்லுங்கள். அதை நன்றாகத் தெரிந்தவள் அவள்தான்.